பஞ்சுக்கை அறுத்த முயல்

பஞ்சுக்கை முதல் முயலை அறுத்தது கடையில் சவரம் செய்யும் கத்தியால்தான் என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது பொய். அது மரப்பிடி போட்ட சமையலறைக் கத்தி. முந்தின நாள் மாலை அவருடைய மனைவி அதைச் சாணை பிடிக்கக் கொடுத்து வாங்கி வந்தார். அறுக்கும்போது அடியில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். பச்சை வாளி, கைப்பிடி உடைந்த இடத்தில் கயிறு கட்டியிருந்தது. வாளியைப் பற்றி எழுதுகிறவன் மற்றதையும் பார்த்தபடியே எழுதுவான் என்று வாசிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்த மனிதரைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லிச் சொல்லி, நடந்தது எது என்று அவருடைய வீட்டுக்காரர்களுக்கே மறந்துவிடும் போலிருக்கிறது.

பஞ்சுக்கை என்பது பட்டப்பெயர். வைத்தவர் ரொட்டிக்கடைக்காரர். அவருக்குத் தாடைக்குக் கீழே பயறு அளவில் ஒரு மச்சம் உருண்டு தொங்கும். எந்தச் சவரக்கடையில் உட்கார்ந்தாலும் அதில் ரத்தம் பார்க்காமல் எழுந்ததில்லை. இவரிடம் முதல்முறை சவரம் செய்துகொண்ட அன்று கண்ணாடியில் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையா இது? பஞ்சுய்யா!" என்றார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கடை போடுவதற்கு முன் பஞ்சுக்கை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு முடி மழித்துவிடும் வேலை. கழுத்தில் கட்டி வந்தவர்கள், மண்டை உடைந்து வந்தவர்கள் எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். "டாக்டருங்க கத்திய எடுக்கறப்ப அவங்க மயங்கிக் கிடப்பாங்க அண்ணே. முழிச்சுக்கிட்டுப் பாக்கறது என் கத்திய மட்டுந்தான்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நடுங்குகிற கழுத்தில் கத்தியை வைக்க முடியாது. அதற்காக அவர் ஒரு வழிமுறை வைத்துக்கொண்டார். முதலில் இரண்டு கைகளையும் வெந்நீரில் நனைப்பார், ஏனென்றால் குளிர்ந்த கை பட்டால் உடம்பு துள்ளும். வெள்ளைத் துணியைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து ஓரத்தை உள்ளே செருகுவார். இடது உள்ளங்கையைத் தாடைக்கு அடியில் கொடுப்பார், கட்டைவிரல் காதுக்குக் கீழே போய் நிற்கும். பிறகு, "கொஞ்சம் மேல பாருங்க. அவ்வளவுதான், முடிஞ்சிடும்" என்பார். எப்பேர்ப்பட்டவரும் அண்ணாந்துவிடுவார்.

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வீட்டின் முன்னறையில் கடை போட்டபோது அந்த முறையையும் கொண்டுவந்தார். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, சுவரோரம் ஒரு பெஞ்சு. துணிகளை மனைவி தினமும் துவைத்துக் கொல்லைப்புறக் கொடியில் காயப்போடுவார். சவரத்தை யாரும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனாலும் கழுத்தை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்துக்காகத்தான் ஆட்கள் வந்தார்கள். அவருடைய பிழைப்பு முழுவதும் அந்த நம்பிக்கையில் நின்றது. அது அவருக்கும் தெரியும். சளி பிடித்துத் தும்மல் வரும்போல் இருந்தால் அன்றைக்குக் கடையைத் திறக்க மாட்டார்.

முயல்களைக் கொண்டுவந்தவர் அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி. அவர் ஒரு தீவனக் கடையில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கடை முதலாளி வீட்டுக்கு வீடு ஜோடி முயல் கொடுத்தார். தீனி அவரிடம் வாங்க வேண்டும், குட்டிகள் வளர்ந்ததும் அவரே திரும்ப எடுத்துக்கொள்வார் என்று பேச்சு. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கூண்டு ஏறியது. பஞ்சுக்கை வீட்டில் கொல்லைப்புறம், மாடிப்படிக்கு அடியில் வைத்தார்கள்.

குட்டிகள் வளர்ந்தன, அவையும் குட்டி போட்டன. முதலாளி எடுக்க வரவில்லை. ஒரு நாள் மைத்துனர் வேலைக்குப் போனபோது தீவனக் கடையில் பூட்டு தொங்கியது. வேனையும் காணோம், முதலாளியையும் காணோம்.

அதற்குப் பிறகு பஞ்சுக்கையின் மனைவி சந்தையில் ஒதுக்கிப் போட்ட கோஸ் இலைகளைப் பொறுக்கி வந்து முயல்களுக்குப் போட்டார். எவ்வளவு போட்டாலும் தீரவில்லை. மூத்திர வாடை முன்னறை வரைக்கும் வந்தது. துவைத்துக் காயப்போட்ட துணியிலும் ஏறியது. "ஒண்ணு அதுங்கள அறுங்க. இல்லேன்னா அதுங்க கட்டில்ல படுக்கட்டும், நீங்களும் உங்க மச்சானும் கூண்டுல படுங்க" என்றார் அவர். சந்தைக் கறிக்கடைக்காரரிடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டார்கள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தார். "ஆடு, கோழின்னா கொண்டா. இது மூக்கத் துடிச்சுக்கிட்டு என்னையே பாக்குது. எனக்கு வேணாம்ப்பா."

தெருவில் வேறு யாருக்கும் அறுத்துப் பழக்கம் இல்லை. எல்லார் வீட்டுக் கூண்டும் நிரம்பிக்கொண்டிருந்தது. யாராவது ஒருவர் தொடங்கிவைத்தால் போதும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். சவரத்துக்கு உட்கார்ந்தபடியே ரொட்டிக்கடைக்காரர் அதை வெளியில் சொல்லிவிட்டார்.

"கத்தி புடிக்கற கை நம்ம தெருவுல ஒண்ணுதானே இருக்கு? நாங்களே உங்ககிட்ட கழுத்தக் குடுக்கறோம். முயல் குடுக்காதா?"

"அண்ணே, அது வேற, இது வேற" என்றார் பஞ்சுக்கை.

"என்ன வேற? அதுக்கும் முடிதானே இருக்கு!"

பெஞ்சு சிரித்தது. பஞ்சுக்கையும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவாயிற்று. வளர்ந்த ஐந்துக்கு முந்தின நாளே தீனியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் வைத்தார்கள். நான் பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். தெரு ஆட்கள் மதில்மேலும் மொட்டைமாடியிலும் வந்து நின்றார்கள். கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னார்கள்.

கொல்லும் பொறுப்பை மைத்துனர்தான் எடுத்துக்கொண்டார். எங்கோ விசாரித்து வந்திருந்தார். பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் காதுக்குப் பின்னால் ஒரு கட்டையால் அடிக்க வேண்டும். "ஒரே போடு மாமா. அதுக்குத் தெரியவே தெரியாது." உடைந்த நாற்காலிக் கால் ஒன்றை எடுத்து வைத்திருந்தார்.

பஞ்சுக்கை கூண்டிலிருந்து சாம்பல் நிற ஆண் முயலைப் பிடித்துக் கொடுத்தார். மைத்துனர் தூக்கினார். அது உடம்பைச் சுருட்டி முறுக்கியது. கட்டை இறங்கியபோது தலை இருக்க வேண்டிய இடத்தில் தோள் இருந்தது.

முயலுக்குக் குரல் உண்டு என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. வளர்த்த காலமெல்லாம் ஒன்றும் வாயைத் திறந்ததில்லை. இது கத்தியது. கைக்குழந்தையின் விரல் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டால் வருமே, அப்படி ஒரு கத்தல். மதில்மேல் இருந்தவர்களில் சிலர் இறங்கிவிட்டார்கள். மைத்துனர் முயலைக் கீழே போட்டார், கட்டையையும் போட்டார். முயல் ஒரு முன்னங்காலை இழுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்கு அடியில் போய் ஒடுங்கியது. கத்தல் நிற்கவில்லை.

"யாராவது எதையாவது செய்ங்களேன்!" என்றார் பஞ்சுக்கையின் மனைவி.

பஞ்சுக்கை செய்தார். யோசித்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. கழுவுவதற்காக வைத்திருந்த வெந்நீரில் இரண்டு கைகளையும் முக்கினார். தலைக்கு மேலே கொடியில் கடைத் துணி காய்ந்துகொண்டிருந்தது, அதை உருவினார். முயலை வெளியே எடுத்து, உடம்பு அசையாதபடி துணியைச் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய ஓரத்தைக் கழுத்தில் செருகினார். கல்லின்மேல் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கை தாடைக்கு அடியில் போனது. கட்டைவிரல் காதுக்குக் கீழே நின்றது.

"கொஞ்சம் மேல பாருங்க. அவ்வளவுதான், முடிஞ்சிடும்."

கத்தல் நின்றது. முயல் தலையைத் தூக்கியது. அவர் தூக்கிவிட்டாரா, அதுவே தூக்கியதா என்று என்னால் சொல்ல முடியாது. கத்தி ஒரு முறைதான் போய் வந்தது. நான் வாளியை நீட்டினேன்.

பிறகு மொட்டைமாடியிலிருந்து ரொட்டிக்கடைக்காரர் குரல் வந்தது. "முயலுக்கு என்ன மரியாதை பாருய்யா!"

தெருவே சிரித்தது. பயந்து போயிருந்தவர்களுக்குச் சிரிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அது கிடைத்துவிட்டது. பஞ்சுக்கை ஒன்றும் புரியாமல் அண்ணாந்து பார்த்தார். தான் வாய்விட்டுச் சொன்னதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மீதி நான்கையும் அவர்தான் அறுத்தார். அறுக்கும்போது மைத்துனரை யாரும் பக்கத்தில் விடவில்லை. அந்த நான்குக்கும் அவர் பேசவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பின்னங்காலில் கயிற்றைக் கட்டி மாடிப்படிக் கம்பியில் தொங்கவிட்டு, கணுவைச் சுற்றிக் கீறி, தொடையின் உட்புறமாக ஒரு கோடு இழுத்தார். ஈரச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றுவது போலத் தோல் கீழே வந்தது. ஒன்றின் வயிற்றை மைத்துனர் திறந்து பார்க்கிறேன் என்று கத்தியை வாங்கி, மூத்திரப் பையைக் குத்திக் கறியெல்லாம் பாழாக்கினார். "ஸ்டீயரிங் புடிக்கறவன் கையில கத்தியக் குடுத்தா இப்படித்தான். தள்ளுடா" என்று அக்காள் அவரை இடித்துத் தள்ளினார். ஈரலிலிருந்து பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை அந்த அம்மாள் செய்தார். நன்றாகவே செய்தார்.

கறி எல்லா வீட்டுக்கும் போனது. பஞ்சுக்கை அன்றைக்கு வாயில் வைக்கவில்லை என்றும் ஒரு கதை உண்டு. அதுவும் பொய். நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வேலை போன மைத்துனருக்குப் பொழுது நிறைய இருந்தது. அந்த வாரம் முழுவதும் போன இடமெல்லாம் கதையைச் சொன்னார். சொல்லிக் காட்டவும் செய்தார். கைத்துண்டைச் சுற்றி ஒரு முயல் செய்து, மடியில் வைத்து, குரலை மென்மையாக்கி, "கொஞ்சம் மேல பாருங்க" என்பார். நானே இரண்டு இடங்களில் பார்த்தேன். நன்றாக நடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிறு கடை நிரம்பியிருந்தது. பெஞ்சில் இடம் இல்லாமல் சிலர் வாசற்படியில் நின்றார்கள். ரொட்டிக்கடைக்காரர் நாற்காலியில் ஏறினார். துணி கழுத்துக்கு வந்தபோது அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"இது அந்தத் துணியா?"

"அத எரிச்சாச்சு அண்ணே. இது புதுசு."

"பாத்துய்யா. நான் வேற பத்து நாளா கோஸ்தான் சாப்பிடறேன்."

பெஞ்சு குலுங்கியது. பஞ்சுக்கை வெந்நீரில் கையை நனைத்தார், நுரை போட்டார். இரண்டு கன்னங்களையும் முடித்துவிட்டுக் கழுத்துக்கு வந்தார். உள்ளங்கை தாடைக்கு அடியில் போனது. வாய் திறந்தது. அப்படியே நின்றது.

கடையில் எல்லோரும் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரிந்துவிட்டது. அவர் சொல்லாமலே கத்தியை எடுத்தார்.

"ஏன், எனக்குச் சொல்ல மாட்டீங்களா? முயலவிடக் கேவலமா போயிட்டேனா?" என்றார் ரொட்டிக்கடைக்காரர், நுரைக்குள்ளிருந்து.

பஞ்சுக்கை சொன்னார். "கொஞ்சம் மேல பாருங்க."

கடை வெடித்துச் சிரித்தது. ரொட்டிக்கடைக்காரரும் சிரித்தார். சிரித்தபோது அவருடைய தொண்டை எழும்பியது, கத்தி மச்சத்தில் ஏறியது.

மச்சத்தில் பட்டால் ரத்தம் லேசில் நிற்காது. படிகாரத்தை அழுத்தினார், பஞ்சை வைத்தார், மறுபடி படிகாரம். புதுத் துணியின் வெள்ளையில் சிவப்பு ஊறிக்கொண்டே போனது. யாரும் சிரிக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர் துண்டைக் கழுத்தில் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். வரிசையில் அடுத்து இருந்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார். "எனக்கு இப்ப ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு அவரும் எழுந்தார்.

அப்புறம் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை, யாரும் தவறாகப் பேசவில்லை. வாத்தியார் தாடி வளர்த்தார். சிலர் தலைமுடிக்கு மட்டும் வந்தார்கள். பின்கழுத்தில் கத்தி போடும் நேரம் வந்தால், "அது இருக்கட்டும், வீட்டுல பாத்துக்கறேன்" என்று எழுந்துகொண்டார்கள். தெருவில் பஞ்சுக்கையைக் கண்டால் அன்பாகத்தான் பேசினார்கள், கையைக் காலரில் வைத்துக்கொண்டு.

மைத்துனரிடம் அவர் இதைப் பற்றிக் கேட்ட அன்று நான் அங்கே இருந்தேன்.

"நான் சிரிக்கத்தானே சொன்னேன் மாமா? இப்படி ஆகும்னு கண்டேனா?"

"நீ கட்டையால அடிச்சியே, அது கத்துச்சே. அதையும் சேத்துச் சொன்னியாடா?"

மைத்துனர் உண்மையாகவே யோசித்தார். "அதச் சொன்னா சிரிப்பு வராது மாமா" என்றார்.

இதற்கிடையில் மற்ற வீடுகளின் கூண்டுகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. ஒருநாள் காலை பஞ்சுக்கை வீட்டுக் கொல்லைப்புறக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. நான் என் மாடிப்படியில் நின்றிருந்தேன். அங்கிருந்து அவர்கள் கொல்லை முழுக்கத் தெரியும். ரொட்டிக்கடைக்காரர் கோணிப்பையோடு நின்றார். மச்சத்தின் மேல் இன்னும் பிளாஸ்திரி இருந்தது.

"மூணு இருக்கு. வீட்டுல யாருக்கும் தைரியமில்ல. உங்க கையில போனா அதுங்களுக்கு நோவே தெரியாது."

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்சுதோ?" என்றார் பஞ்சுக்கை.

"அது நான் சிரிச்சதால வந்தது. உங்களக் குத்தம் சொல்வேனா?"

"அப்ப வந்து உக்காருங்க. முன்னாடி கடை தொறந்துதான் இருக்கு."

ரொட்டிக்கடைக்காரர் தலையைக் குனிந்து பையைப் பார்த்தார். பைக்குள் ஏதோ புரண்டது. "வரேன், வரேன். முதல்ல இத முடிச்சுக் குடுங்க" என்றார்.

பஞ்சுக்கை கதவைச் சாத்தப் போனார். மனைவி குறுக்கே கையை வைத்தார். "முன்வாசல்ல ஈ ஓட்டிக்கிட்டு இருக்கீங்க. பின்வாசல்ல வர்றவங்களையும் தொரத்தாதீங்க" என்று சொல்லி, கோணிப்பையை அவரே வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு கொல்லைப்புறம் ஓய்ந்ததே இல்லை. முயலோடு சேர்த்துக் கோழியும் வந்தது. தாடி வைத்த வாத்தியார்கூட வந்தார். "ஒரு மனுஷனுக்கு ஒரு கலைதான் வாய்க்கும்னு இல்லையே" என்று அவர் சொன்னதைப் பஞ்சுக்கை கேட்டுக்கொண்டார். அறுத்துக் கொடுத்ததற்குக் காசு வாங்கினார், தோலை எடுத்துக்கொண்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு முன்னறைக்கு வந்து, நாற்காலியைத் துடைத்து, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். யாரும் உள்ளே வர மாட்டார்கள் என்று தெரிந்தும் தினமும் வெந்நீர் வைக்கச் சொல்வார்.

நான் மட்டும் சவரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு அவர் கைமேல் சந்தேகம் வந்ததில்லை. வாளியைப் பிடித்தவனுக்கு அந்தக் கை எப்படிப்பட்டது என்று மற்றவர்களைவிட அதிகம் தெரியும். போகும்போதெல்லாம் ஒரு வார்த்தையும் பேசாமல் செய்வார். "கொஞ்சம் மேல பாருங்க"வை அவர் விட்டுவிட்டார். நானே அண்ணாந்துகொள்வேன்.

கடைசி முறை போனது மழை விட்டிருந்த ஒரு காலை. கொல்லைப்புறத்தில் அப்போதுதான் ஒரு வீட்டுக்கு நான்கு முயல் முடித்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். நான் உட்கார்ந்தேன். துணி, வெந்நீர், நுரை, எல்லாம் வழக்கம்போல. வலது கன்னத்தை முடித்தார், கழுத்தின் வலப்பக்கமும் முடிந்தது. இடப்பக்கம் வந்து உள்ளங்கையைக் கொடுத்தார். கட்டைவிரல் என் காதுக்குக் கீழே வந்து நின்றது. நின்ற இடத்திலிருந்து மெதுவாக நகர்ந்தது. தாடை எலும்பின் மூலையைத் தாண்டி, கொஞ்சம் கீழே போய், அங்கே லேசாக அழுத்தியது.

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தியை மடக்கி மேசையில் வைத்தார். ஈரத் துண்டால் என் இடது கன்னத்து நுரையைத் துடைத்தார். துணியை அவிழ்த்தார்.

"என்ன ஆச்சு பஞ்சு?"

"போதும் அண்ணே."

"பாதிதானே ஆச்சு?"

"கை அந்த எடத்தத் தேடுது அண்ணே. நான் சொல்லல, அதுவா தேடுது." கையைத் தன் சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். "மீதிய வீட்டுல பாத்துக்கங்க."

"நான் பயப்படலியே?"

"நீங்க பயப்படல. தெருவுல எல்லாரும் பயந்தப்ப, அவங்களுக்கு என்ன தெரியும்னு நெனச்சேன்." கதவு வரைக்கும் என்கூட வந்தார். "தெரிஞ்சுதான் இருந்திருக்கு."

பாதி முகத்தோடு தெருவில் இறங்கினேன். எதிரே கடையில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்த ரொட்டிக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "என்ன சார், பாதியிலயே தப்பிச்சு வந்துட்டீங்களா?"

எனக்குப் பின்னால் முன்னறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

வீட்டுக்குப் போய் மாடிப்படிச் சுவரில் சின்னக் கண்ணாடியை மாட்டி, மீதியை நானே மழித்தேன். பழக்கம் விட்டுப்போன கை, இரண்டு இடங்களில் வெட்டிக்கொண்டேன். பக்கத்துக் கொல்லையில் ஒரு பெண் கோழியோடு வந்து நின்றார். பஞ்சுக்கை வெளியே வந்தார். கடைக்கு வைத்திருந்த வெந்நீர் அடுப்பில் இன்னும் சூடாகத்தான் இருந்தது, மனைவி அதைக் கொண்டுவந்து வைத்தார். அவர் இரண்டு கைகளையும் நனைத்துக்கொண்டார். கோழியை வாங்கி மடியில் வைத்து, உள்ளங்கையைக் கொடுத்தார்.

அந்த வார்த்தையைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. "கொஞ்சம் மேல பாருங்க" என்றார், வாய்விட்டு.